மெழுகுக் கணக்கு

மெழுகுக்கும் விலை வந்த வருடம் அது.
லுகெண்டா ஆற்றின் இக்கரையில் லாரியை நிறுத்தி
தராசைக் கிளையில் தொங்கவிட்டு
பெம்பாவிலிருந்து வந்தவன் சொன்னான்:
தேன் மட்டும் போதாது, அடையையும் கொண்டுவாருங்கள்.

அதுவரை அடை எங்களுடையதில்லை.
தேன் எங்களுக்கு, அடை செகோவுக்கு.
யாரும் எழுதிவைக்கவில்லை.

செகோ ஒரு சாம்பல் பறவை. கைக்குள் அடங்கும்.
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
கோடாலியைத் தோளில் போட்டு என் கணவன் அபீபோ
ப்ர்ர்ர்ர்-ம் என்று நாவை உருட்டினால்
காட்டுக்குள்ளிருந்து பதில் வரும்,
தீப்பெட்டியைக் குலுக்கியதுபோல்.
கிளைக்குக் கிளை தாவும். நிற்கும். திரும்பிப் பார்க்கும்.
வருகிறாயா?
கூடு இருக்கும் மரம் இவனுக்குத் தெரியாது.
மரத்தைப் பிளக்க அதற்குக் கோடாலி இல்லை.

முடிந்ததும் பச்சை இலை பரப்பி, மேலே அடை.
அதுதான் கூலி.
வியர்வை உலருமுன் கொடுத்துவிடு என்பார்கள்.
இறகுக்கு வியர்க்காது என்றான் மைத்துனன் பக்கார்.

இன்னொன்றும் சொன்னான்:
வயிறு நிறைந்த பறவை தூங்கப் போய்விடும்.
அடையைப் புதைத்துவிடு.
பசித்தால் அடுத்த கூட்டுக்குக் கூட்டிப்போகும்.
சரியாகத்தான் சொன்னான். அன்றைக்கு மூன்று கூடு.

என் கை சுத்தம் என்று சொல்லவரவில்லை.
புதைத்தவன் பக்கார்,
மறுநாள் போய்த் தோண்டி எடுத்தவள் நான்.
மண் கழுவி, உருக்கி, துணியில் வடித்து
சட்டியில் உறையவைத்து
மஞ்சள் வட்டங்களாகத் தராசில் அடுக்கியவள் நான்.
உப்பு வாங்கினேன். டார்ச்சுக்கு பேட்டரி வாங்கினேன்.
மகள் அன்ஷாவுக்கு இரண்டு நோட்டு, கோடு போட்டது.

எங்களிடம் ஒரு கதை உண்டு:
கூலி மறுத்தவனை அடுத்த முறை
செகோ சிங்கத்திடம் கூட்டிப்போகுமாம்.
ஆண்கள் காட்டுக்குப் போன நாட்களில்
உலை பொங்கி நெருப்பை அணைத்தது தெரியாமல்
பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிங்கம் இல்லை. பாம்புகூட இல்லை.
ஒவ்வொரு முறையும் தேன்தான்.

அதுதான் உறுத்தியது.
பழிவாங்கியிருந்தால் கணக்கு தீர்ந்திருக்கும்.

நல்ல பறவை என்று இரங்குகிறேன் என நினைக்காதீர்கள்.
அது அடுத்தவர் கூட்டில் முட்டையிடும்.
கண் திறக்காத அதன் குஞ்சு
அலகு நுனிக் கொக்கியால்
அந்தக் கூட்டுக் குஞ்சுகளைக் கடித்துக் கொல்லும்.
ஆற்றங்கரை வளையொன்றில் கை விட்டுப் பார்த்திருக்கிறேன்,
மூன்று, இன்னும் சூடு ஆறாமல்.
கடன் கொடுத்தவன் நல்லவனா என்று விசாரித்தா
கடனை அடைக்கிறோம்?

தேனீக்களைப் பற்றி யாரும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
பறவையும் நாங்களும் கூலி பேசியதெல்லாம்
அவற்றின் வீட்டுப் பொருளுக்கு.

மழைக்கு முன் கடைசி லாரி வந்தது.
உருக்க நேரமில்லை, அடையாகவே கொண்டுபோனேன்.
தராசுக்காரன் கருத்ததைப் பிரித்துத் தூர எறிந்தான்:
பழசு. புழு இருக்கிறது. வேண்டாம்.
பொறுக்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.
திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில்
பச்சை இலை பறித்துப் பரப்பி வைத்தேன்.

வந்தது. தின்றது.
புழு இருக்கும் அடைதான் அதற்கு உயிர் என்றான் அபீபோ,
என் முகத்தைப் பார்த்துவிட்டு.
இருக்கலாம்.
ஆனாலும் இன்னொருவன் எறிந்ததைத்தானே கொடுத்தேன்.

பானைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டம் மிச்சமிருக்கிறது.
அன்ஷா மூன்றாவது நோட்டு கேட்கிறாள்.
விடியுமுன் வாசல் மரத்தில்
தீப்பெட்டி குலுங்குகிறது.
கோடாலி எங்கே என்கிறான் அபீபோ.
எங்கே என்று எனக்குத் தெரியும்.